ஆமைக்குக் கால்சியம், தொட்டிக்குத் தெளிந்த தண்ணீர்: முழுமையான வழிகாட்டி

ஆமை வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். ஓடு மெத்தென்று இருக்கிறதே என்று பயந்து, கடையில் விற்கும் ஆமை வடிவக் கால்சியம் கட்டியை வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள். சில நாளில் தண்ணீர் வெளுக்கிறது. மொத்தத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டரைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறார்கள். அடுத்த வாரம் நாற்றம் கிளம்புகிறது. கடைசியில் கால்சியமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

கால்சியம் ஆமையின் வயிற்றுக்குள் போக வேண்டும். தண்ணீரில் கரைந்து கிடக்கும் கால்சியத்தால் ஓட்டுக்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. கால்சியம் வாய்க்குப் போய், மிச்சம் உடனே வெளியே வந்துவிட்டால் தண்ணீரும் தெளிவாகவே இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இங்கே சொல்வது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைக்கு. நம் ஊர் வண்ணமீன் கடைகளில் அதிகம் விற்பது அதுதான். குளம், ஏரிகளில் கிடைக்கும் நம் நாட்டு ஆமைகளையும் நட்சத்திர ஆமையையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றை வீட்டில் வைக்கக் கூடாது.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

- கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேளுங்கள். லவ் பேர்ட்ஸ் விற்கும் கடைகளிலும் இருக்கும்.
- யுவிபி விளக்கு (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிரைத் தருவது), ஆமை முழுதாக ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு மேடை
- தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீருக்கு என்று குறிப்பிட்ட ஃபில்டர். அதன் உறிஞ்சும் வாயில் மாட்ட ஒரு ஸ்பான்ஜ்
- சைஃபன் குழாய், சிறு வலை, ஆமைக்கு மட்டும் என ஒதுக்கிய வாளிகள்
- கடற்பாசி எனப்படும் சைனா கிராஸ் பொடி (6-ஆம் படிக்கு)

தொட்டி எத்தனை லிட்டர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 90 × 45 தொட்டியில் 35 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் சுமார் 140 லிட்டர். 10 செ.மீ. ஓடு உள்ள ஆமைக்கு ஏறக்குறைய இந்த அளவு வேண்டும். பெண் ஆமை 25 செ.மீ.க்கு மேலும் வளரும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆமையை வைத்துக்கொண்டு தண்ணீர் கலங்குகிறதே என்று எதை மாற்றினாலும் தீராது.

அடியில் கூழாங்கல் வேண்டாம். கல் இடுக்கில் கணவாய்த் துணுக்கும் கழிவும் போய் உட்கார்ந்துகொள்ளும், சைஃபனுக்கு எட்டாது. அதைவிட முக்கியம், ஆமைகள் சின்னக் கற்களை விழுங்கிக் குடல் அடைப்பில் சிக்கும். வெறும் கண்ணாடித் தரையே நல்லது. கல் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆமையின் தலையைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

## 2. வெளிச்சம் சரியாகும்வரை கால்சியம் கொடுக்காதீர்கள்

தின்ற கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேர வைட்டமின் டி3 தேவை. ஆமையின் தோலில் யுவிபி கதிர் படும்போது அந்த டி3 உருவாகிறது. வெளிச்சம் இல்லாத தொட்டியில் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் பெரும்பகுதி கழிவோடு வெளியே போய்விடும். தண்ணீர் அழுக்காவதுதான் மிச்சம். அதனால்தான் கால்சியத்துக்கு முன்னால் இந்தப் படி.

யுவிபி குழல்விளக்கை மேடைக்கு நேர் மேலே, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் மாட்டுங்கள். பெரும்பாலான விளக்குகளுக்கு 25 முதல் 30 செ.மீ. வரும். நடுவில் கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. இரண்டுமே யுவிபியைத் தடுத்துவிடும். தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் 6 முதல் 12 மாதத்தில் அதன் யுவிபி குறைந்துவிடும். மாட்டிய தேதியை விளக்கின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

மீன்தொட்டிக்கு விற்கும் சாதாரண எல்இடி விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தரும், யுவிபி தராது. மேடையில் 32 முதல் 35 டிகிரி சூடு தேவை. அதற்கு ஒரு சாதாரணக் குண்டு பல்பு போதும். தண்ணீர் 24 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களைத் தவிர நமக்குப் பொதுவாக ஹீட்டர் தேவைப்படாது.

விளக்கு வாங்க முடியாதவர்களுக்கு வெயில் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ அகலமான பேசினில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பாதியை அட்டையால் மூடி நிழலாக்கி, காலை 8:30-லிருந்து 10 மணிக்குள் 20 நிமிடம் விடுங்கள். அந்த நிழல் கட்டாயம் வேண்டும். பேசின் தண்ணீர் சட்டென்று சூடேறிவிடும், ஆமையால் தப்பி ஓடவும் முடியாது. பக்கத்திலேயே இருங்கள். குட்டி ஆமையைக் காகம் கொத்திக்கொண்டு போய்விடும்.

## 3. அன்றாடத் தீனியைச் சரிசெய்யுங்கள்

நல்ல ஆமை பெல்லட்டில், அதாவது கடையில் விற்கும் உருண்டைத் தீனியில், கால்சியமும் டி3-யும் ஏற்கெனவே இருக்கும். அதுதான் அடிப்படைத் தீனி. கணவாய் ஓடும் பொடியும் அதற்கு மேல் கொஞ்சம் சேர்ப்பவைதான்.

உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிட அதிகமாக, இரண்டு மடங்கு அளவில் இருப்பது நல்லது. பச்சைக் கோழிக்கறியிலும் ஈரலிலும் நிலைமை தலைகீழ்: பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. தினமும் கறித் துண்டு போட்டுவிட்டுத் தொட்டியில் கால்சியம் கட்டியும் தொங்கவிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கறியின் கொழுப்பு தண்ணீரின் மேல் படலமாகப் படிந்து நாறவும் செய்யும்.

டப்பாவில் விற்கும் காய்ந்த இறால் மட்டுமே தின்று வளரும் ஆமைகள் ஏராளம். அதை வாரம் ஒருமுறை ருசிக்குப் போடலாம், முழு உணவாகாது. வைட்டமின் ஏ குறைந்து கண் இமை வீங்குவது இப்படி வளர்த்த ஆமைகளில் அடிக்கடி வரும் பிரச்சினை. கருவாடு போடவே வேண்டாம், அவ்வளவு உப்பு.

இலைகளில் மல்பெரி இலை, செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன. பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எப்போதாவது தின்றால் பரவாயில்லை, தினமும் வேண்டாம்.

அளவு: ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு பெல்லட். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். இலையைத் தாராளமாகப் போடலாம். ஆமை எப்போதும் பசித்தது போலத்தான் கையைப் பார்க்கும். அதை நம்பி அள்ளிப் போட்டால் ஊறிய பெல்லட்தான் தண்ணீரைக் கெடுக்கும் முதல் பொருளாகிவிடும்.

## 4. கணவாய் ஓட்டைத் தயார் செய்தல்

கடைக் கட்டியைவிட இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆமை வடிவக் கட்டிகளில் பல, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வகை, அதாவது கால்சியம் சல்பேட். அது ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். ஆமை தொடாவிட்டாலும் கட்டி தானே இளைத்துக்கொண்டு போகும். கணவாய் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. கடித்தால்தான் உதிரும். உதிர்ந்த துணுக்கை எடுத்துவிடவும் முடியும்.

ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி மென்மை, நகத்தால் கீறினாலே மாவு உதிரும். மறுபக்கம் கெட்டியான தகடு, ஓரம் கண்ணாடி போல ஒடியும். அந்தத் தகடுதான் ஆபத்து. ஆமை கடிக்கும்போது கூரான சில்லுகளாக உடைந்து வாயையும் குடலையும் கிழிக்கலாம்.

முதலில் ஓட்டை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். நடுவே தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் வாடையும் போய்விடும். கடற்கரையில் பொறுக்கியது என்றால் அதன் பிறகு 10 நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் காயவையுங்கள்.

தகட்டைப் பிரிக்க, ஓடு ஈரமாக இருக்கும்போதே பழைய கத்தியை ஓரத்தில் செருகிச் சீவுங்கள். காய்ந்தபின் சீவினால் மென்பகுதி தூளாகிவிடும். முழுத் தகடும் ஒரே பட்டையாக வராது, பொறுமையாகச் சீவி எடுக்க வேண்டும். கையால் தடவிப் பார்த்து வழுவழுப்பான இடம் மிச்சமில்லை என்றால் சரி.

மென்பகுதியை 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் காற்றாட வையுங்கள். சீவும்போது உதிர்ந்த மாவை வீணாக்காதீர்கள். சல்லடையில் சலித்து டப்பாவில் போட்டு வையுங்கள், 6-ஆம் படியில் தேவைப்படும்.

## 5. துண்டைப் போடும் நாள், எடுக்கும் நாள்

கணவாய் ஓட்டை நிரந்தரமாக மிதக்கவிடாதீர்கள். ஊறிக்கொண்டே இருந்தால் மேலே வழுவழுப்பான பாசி படியும், துண்டு நொறுங்கும், மாவு ஃபில்டரை அடைக்கும். தினமும் அதையே பார்க்கும் ஆமைக்கு ஆர்வமும் போய்விடும்.

தண்ணீர் மாற்றும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஞாயிறு காலை தண்ணீர் மாற்றுவீர்கள் என்றால் வெள்ளி மாலை ஒரு துண்டைப் போட்டு, சனி இரவு எடுத்துவிடுங்கள். இரவில் ஃபில்டர் ஓடும்போது மிதக்கும் தூள் ஸ்பான்ஜில் சிக்கும், கனமான துணுக்கு அடியில் தங்கும். ஞாயிறு காலை சைஃபன் போடும்போது இரண்டும் வெளியே வந்துவிடும். கால்சியத்துக்கு என்று தனியாகத் தண்ணீர் மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

துண்டைப் போடும் முன் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மிதக்கும் துண்டு நேராக அங்கேதான் போய் ஒட்டும். வெளியே எடுத்த துண்டில் நல்ல பகுதி மிச்சம் இருந்தால் கழுவிக் காயவைத்து அடுத்த வாரம் போடலாம். வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

முட்டையிடும் பருவத்தில் உள்ள பெண் ஆமைக்கு வாரம் இரண்டு முறை போடுங்கள். ஆண் ஆமை கூட இல்லாவிட்டாலும் அது முட்டை வைக்கும். முட்டை ஓட்டுக்கான கால்சியம் அதன் உடம்பிலிருந்துதான் போகிறது.

## 6. கணவாய் ஓட்டைச் சீண்டாத ஆமைக்கு: சைனா கிராஸ் கட்டி

சில ஆமைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அப்போது பலரும் கால்சியம் பொடியைப் பெல்லட் மேல் தூவுகிறார்கள். தரையில் தின்னும் பல்லிக்கும் ஓணானுக்கும் அது சரி. ஸ்லைடர் தண்ணீருக்குள் இருந்துதான் விழுங்கும், வெளியே வைத்தால் அதனால் முடியாது. பெல்லட் தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் பொடி முழுதும் கழன்று மேகமாகப் பரவிவிடும். ஆமைக்கு வெறும் பெல்லட், தொட்டிக்கு வெள்ளைத் தண்ணீர்.

பொடியை உணவுக்குள் கட்டிப்போட வேண்டும். அதற்குச் சைனா கிராஸ் மிகப் பொருத்தம். ஜெலட்டின் 30 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும், நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். சைனா கிராஸ் உறைந்தபின் மறுபடி உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். தொட்டியில் அரைமணி கிடந்தாலும் துண்டு துண்டாகவே இருக்கும், வலையால் அள்ளிவிடலாம்.

செய்முறை: 4 மேசைக்கரண்டி பெல்லட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மசியுங்கள். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து நறுக்குங்கள். ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சைனா கிராஸ் பொடியைக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதி பற்றாவிட்டால் உறையாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கும்போதே பெல்லட்டைக் கொட்டினால் அதிலுள்ள வைட்டமின்கள் வீணாகும்.

இப்போது பெல்லட், கீரை, அரைத் தேக்கரண்டி கணவாய் மாவு மூன்றையும் சேர்த்துக் கிளறுங்கள். உடனே ஊற்றிவிடாதீர்கள். கலவை நீர்த்திருக்கும்போது மாவு அடியில் போய் உட்காரும், கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளைப் பட்டையாகிவிடும். கரண்டி போன தடம் ஒரு நொடி நிற்கும் அளவுக்குக் கெட்டிப்படும்வரை கிளறி, அப்புறம் தட்டில் அரை செ.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். உறைந்ததும் ஆமையின் வாய்க்கு ஏற்பச் சின்னச் சதுரங்களாக வெட்டுங்கள்.

ஃபிரிட்ஜில் 4, 5 நாள் இருக்கும். ஃபிரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுப் பஞ்சாகிவிடும், அதனால் கொஞ்சமாகவே செய்யுங்கள். வாரம் இரண்டு வேளை, பெல்லட்டுக்குப் பதிலாக, அதே தலை அளவு.

கணவாய் மாவு கிடைக்காவிட்டால் முட்டை ஓடு. உள்சவ்வை உரித்துவிட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலியுங்கள். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது.

## 7. தண்ணீர் மாற்றும் வரிசை

1. ஃபில்டரையும் ஹீட்டர் இருந்தால் அதையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆமையைத் தனி வாளியில் விடுங்கள்.
2. வலையால் மிதப்பவற்றை அள்ளுங்கள். அரைமணி பொறுத்தால் தூள் அடியில் படியும்.
3. சைஃபனை அடித்தளத்தில் மெதுவாக நகர்த்தி மொத்தத் தண்ணீரில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை வெளியேற்றுங்கள். 140 லிட்டர் தொட்டிக்கு 15 லிட்டர் வாளியில் சுமார் இரண்டரை வாளி.
4. அந்த வாளித் தண்ணீரிலேயே ஃபில்டர் ஸ்பான்ஜைப் பிழிந்தெடுங்கள்.
5. குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை, அதே சூட்டில், ஊற்றுங்கள்.

சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவில் 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டதே, குழந்தைகளுக்கு அதனால் நோய் வந்ததால்தான். குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறுமுனையைத் தாழ்வான வாளியிலும் வைத்து விரலை எடுங்கள், தானாக ஓடும். எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை குளோரின் கொன்றுவிடும். ஆமையின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் சிதைப்பவை அவைதான். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் துளிகளைச் சேருங்கள், அல்லது திறந்த வாளியில் ஒருநாள் வையுங்கள்.

## 8. தண்ணீர் வெளுத்துவிட்டால்

உடனே கொட்டாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள்.

காலையில் மேல்பகுதி தெளிந்து அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அது பெரும்பாலும் கால்சியம் தூள். மேல்தண்ணீரைச் சாய்த்துவிட்டு வண்டலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட், அதாவது கணவாய் ஓடோ முட்டை ஓடோ. நுரைக்காத வெள்ளை வண்டல் என்றால் கடைக் கட்டியைச் சந்தேகியுங்கள். இரண்டுக்குமே ஒரு சைஃபனும் ஸ்பான்ஜ் அலசலும் போதும்.

வண்டலே இல்லாமல் டம்ளர் முழுக்கப் பால் கலந்தது போலவே இருந்தால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. மிச்சத் தீனி, இறந்த மீன், சமீபத்தில் குழாய்த் தண்ணீரில் கழுவிய ஃபில்டர், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். தீனியைக் குறைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் கண்ணாடியிலும் ஆமை ஓட்டிலும் வெள்ளைப் பொருக்கு படியும். இது உப்புப் படிவு, கால்சியம் குறைவோ பூஞ்சையோ இல்லை. கண்ணாடியில் உள்ளதை, ஆமையை வெளியே எடுத்தபின் வினிகர் துணியால் துடைத்து நன்றாகக் கழுவுங்கள். ஆமை மேல் வினிகர் வேண்டாம், மெல்லிய பிரஷும் தண்ணீரும் போதும்.

## 9. இவற்றைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்

வெற்றிலைச் சுண்ணாம்பு: கடும் காரம், கண்ணையும் தோலையும் பொசுக்கும். பால், தயிர்: ஆமைக்குச் செரிக்காது, தண்ணீர் ஒரே நாளில் கெடும். கறவை மாட்டுக்கான கால்சியம் டானிக்: அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும், தண்ணீரில் ஊற்றினால் பாசிதான் செழிக்கும்.

மனிதர்களுக்கான டி3 சேர்ந்த கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடுவது இன்னும் மோசம். டி3 கொழுப்பில் கரைந்து உடம்பில் தேங்கும். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் கால்சியம் படியும். யுவிபி விளக்கும் பெல்லட்டும் இருந்தால் கூடுதல் டி3 தேவையே இல்லை.

## 10. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பிறந்து சில மாதமே ஆன குட்டியின் ஓடு அழுத்தினால் சற்று வளைவது இயல்பு. வளர்ந்த ஆமையின் ஓடு வளைந்தாலோ, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டாலோ, தாடை ரப்பர் போல இருந்தாலோ, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தாலோ எலும்பிலிருந்து கால்சியம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கணவாய் ஓடு அப்போது போதாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டிய நிலை அது. பெண் ஆமை தீனியை விட்டுவிட்டு, ஓயாமல் மேடையைத் தோண்டிக்கொண்டிருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம், அதற்கும் தாமதிக்காதீர்கள்.

ஆமையை ஈரத்துணி விரித்த காற்றோட்டமான பெட்டியில் கொண்டுபோங்கள், தண்ணீர் நிரப்பிய வாளியில் வேண்டாம். சோர்ந்த ஆமை வாளி குலுங்கும்போது தலையை மேலே தூக்க முடியாமல் மூழ்கிவிடும். விளக்கின் பெயர், மாட்டிய தேதி, என்ன தீனி, வாரத்துக்கு எத்தனை முறை கால்சியம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.